வீட்டு வருமானமும் பிள்ளைகளின் மார்க்கும்: கேள்வி பதில்

உயர்நிலை வகுப்புகளுக்குப் பல வருடம் கணக்கு எடுத்தவன் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஒரு தந்தை): கையில் காசு இல்லையென்றால் பிள்ளையின் மார்க்கும் குறைந்துதான் ஆக வேண்டுமா?

அப்படி விதி எதுவும் இல்லை. ஆனால் தொடர்பு இருக்கிறது. பல நாடுகளில் 15 வயது மாணவர்களுக்கு நடத்தும் பிசா தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் ஓ.இ.சி.டி. (பெரும்பாலும் வசதியான நாடுகளின் கூட்டமைப்பு) நாடுகளின் சராசரியில், வசதி மிகுந்த கால்பங்கு மாணவர்களுக்கும் வசதி குறைந்த கால்பங்கினருக்கும் கணக்கில் 93 புள்ளி வித்தியாசம். அதே தேர்வில், மதிப்பெண் ஏற்றத்தாழ்வில் சுமார் 15 சதவீதத்தைத்தான் குடும்பப் பின்னணியைக் கொண்டு விளக்க முடிந்தது. வசதி குறைந்தவர்களில் பத்தில் ஒருவர் கணக்கு மதிப்பெண்ணில் தங்கள் நாட்டின் முதல் கால்பங்குக்குள் வந்திருக்கிறார்கள்.

கேள்வி (பயிற்சி ஆசிரியை): வீட்டுப்பாடம் முடிக்காமல் வருபவர்களில் பெரும்பாலோர் ஏழைப் பிள்ளைகள். பெற்றோருக்கு அக்கறை இல்லையோ?

ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். வகுப்பில் எழுதினால் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். வீட்டில் எழுதி வருவது மட்டும் வரிக்கு வரி சரிந்து, பாதியில் நிற்கும். ஒரு நாள் நோட்டின் மூலை நனைந்து உப்பியிருந்தது. கேட்டேன். “தம்பி வாயில வச்சுட்டான் சார்” என்றாள். அம்மாவுக்கு மாலை ஷிப்ட். கைக்குழந்தையை ஒரு தொடையிலும் நோட்டை இன்னொரு தொடையிலும் வைத்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறாள். அதுவரை எத்தனை முறை திட்டியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

அப்புறம் பீரியடின் கடைசிப் பதினைந்து நிமிடத்தை வீட்டுப்பாடத்துக்கே விட்டேன். இடிக்கிற முதல் இரண்டு கணக்கு அங்கேயே முடிந்துவிட்டால், மிச்சத்தை எந்தச் சத்தத்திலும் போட்டுவிடுவார்கள். செய்து பாருங்கள்.

கேள்வி: பணக் கவலை யோசிக்கும் திறனையே குறைக்கும் என்கிறார்களே?

2013-இல் வெளியான ஓர் ஆய்வில், தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். கையில் காசு இல்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில், அதே ஆட்கள் சோதனைகளில் குறைவாகவே செய்தார்கள். இது பெரியவர்களிடம் நடந்தது. பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் வாடகைக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும் அப்பாவிடம் போய் முக்கோணவியல் சந்தேகம் கேட்டால் எரிந்து விழுவது ஏன் என்று புரிகிறது இல்லையா?

கேள்வி (ஒரு தாய்): டியூஷனுக்கு வசதி இல்லை. என் மகன் பின்தங்கிவிடுவானா?

டியூஷன் என்பது பெரும்பாலும் பழைய ஓட்டையை அடைக்கிற வேலைதான். ஏழாம் வகுப்பில் பின்னம் பிடிபடாவிட்டால் ஒன்பதில் இயற்கணிதம் இடிக்கும். வசதியான வீட்டில் அதைக் காசு கொடுத்துச் சரிசெய்துவிடுகிறார்கள். இல்லாத வீட்டில் அந்த ஓட்டை வருடா வருடம் பெரிதாகிறது. ஆகவே எந்த வகுப்புப் பாடத்தில் முதலில் தடுமாறினான் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். அந்தப் பழைய புத்தகத்தை எடுத்து அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள். கௌரவம் பார்க்க வேண்டாம்.

கேள்வி: குடும்பத்துக்கு நேரடியாகப் பணம் கொடுத்தால் தீர்ந்துவிடாதா?

பாதி தீரும். மெக்சிகோவில் 1997-இல் தொடங்கிய புரோக்ரெசா திட்டத்தில், பிள்ளை பள்ளிக்கு ஒழுங்காக வந்தால் தாயின் கையில் பணம் கொடுத்தார்கள். இடைநிலை வகுப்பில் பெண் பிள்ளைகளுக்குக் கூடுதலாக. இடைநிலைப் பள்ளியில் சேர்வது நன்றாகவே கூடியது. ஆனால் தொடக்க கால மதிப்பீட்டில் தேர்வு மதிப்பெண் அதற்கேற்ப ஏறவில்லை. வகுப்புக்கு வந்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது தனி வேலை.

கேள்வி (பதினோராம் வகுப்பு மாணவன்): மாலையில் வேலைக்குப் போகிறேன். இதை ஆசிரியரிடம் சொல்லலாமா?

சொல்லுங்கள் தம்பி, நாளைக்கே. எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தெரியாததால்தான் நான் அந்தப் பெண்ணைத் திட்டினேன்.