லாக்டோஸ் இல்லாத பால் வாங்கலாமா?

கேள்வி: சின்ன வயதில் டம்ளர் டம்ளராகப் பால் குடித்தவள் நான். கல்லூரிக் காலத்திலிருந்து பால் குடித்தால் வயிறு உப்பிப்போய் கடமுடவென்று சத்தம் போடுகிறது. தயிர் ஒன்றும் செய்வதில்லை. லாக்டோஸ் இல்லாத பால் விலை அதிகமாக இருக்கிறது. ‘உறங்கும் மரபணுவை எழுப்பும்’ பொடி என்று ஒரு விளம்பரமும் பார்த்தேன். எதை வாங்குவது?

பதில்: பொடிக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அந்த மரபணுவை எழுப்பும் பொடியோ மாத்திரையோ இன்றுவரை இல்லை.

பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கவைப்பது லாக்டேஸ் என்ற நொதி. அதற்கான மரபணு உடம்பின் எல்லாச் செல்களிலும் இருந்தாலும், வேலை செய்வது சிறுகுடலின் உட்சுவரில் மட்டும்தான். தாய்ப்பால் காலம் முடிந்தபின் பெரும்பாலானோருக்கு அங்கேயும் அடங்கிவிடுகிறது. மரபணு கெட்டுப்போகவில்லை, செல் அதைப் படிப்பதைக் குறைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். படிக்கச் சொல்லும் விசை (சுவிட்ச்) சுமார் 14,000 டி.என்.ஏ. எழுத்துகள் தள்ளி, பக்கத்து மரபணுவுக்குள் இருக்கிறது. அங்கே ஒரே ஓர் எழுத்து மாறிப் பிறந்தவர்களுக்கு விசை கடைசிவரை அணைவதில்லை. பின்லாந்து ஆய்வாளர்கள் 2002-இல் கண்டுபிடித்தது இது. வட ஐரோப்பியரிடம் மிகுதி. இந்தியாவில் வடமேற்கில் அதிகம், தெற்கே குறைவு. ஆகவே பால் ஒத்துக்கொள்ளாததை நோய் என்று நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

‘தினமும் குடித்தால் பழகிவிடும்’ என்பார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் பழகுவது செரிக்காத லாக்டோஸைத் தின்னும் பெருங்குடல் பாக்டீரியாக்கள், உங்கள் மரபணு அல்ல.

லாக்டோஸ் இல்லாத பால் ஏமாற்று வேலை இல்லை. பெரும்பாலும் பாலிலேயே லாக்டேஸைச் சேர்த்து, லாக்டோஸைக் குளுக்கோஸாகவும் காலக்டோஸாகவும் உடைத்துவிடுகிறார்கள். பாக்கெட்டின் பின்புறம் சேர்மானப் பட்டியலில் லாக்டேஸ் என்ற பெயர் இருக்கிறதா பாருங்கள். ஒரு வாய் குடித்தால் சாதாரணப் பாலைவிடச் சற்று இனிக்கும். சர்க்கரை போட்டதல்ல, உடைந்த சர்க்கரைகளுக்கு இனிப்பு கூடுதல். சர்க்கரை நோயாளிகள் இதைக் குறைந்த சர்க்கரைப் பால் என்று எண்ணிவிடக் கூடாது. பால் புரதம் ஒவ்வாதவர்களுக்கும் இது ஆகாது.

உங்களுக்குத் தயிர் ஒத்துக்கொள்கிறதே, அதையும் மோரையும் தாராளமாகச் சாப்பிடுங்கள். 100 மில்லி பாலில் ஏறக்குறைய 5 கிராம் லாக்டோஸ்; காபியில் ஊற்றும் கொஞ்சம் பாலைப் பலர் தாங்குவார்கள். அதற்கே வயிறு பொருமினால் மட்டும் விலை கூடிய பாலில் சிறிய பாக்கெட் ஒன்று வாங்கிப் பாருங்கள். எடை குறைந்தாலோ மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ முதலில் மருத்துவரிடம் போங்கள்.