கேளுங்க, சொல்றேன்: முகாமில் ஸ்மார்ட் வாட்ச் ஏன் ஆகாது?

கேள்வி: பட்டாளத்தில் இருக்கும் மகனுக்கு ஆசையாக ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தேன். முகாமில் கட்டக்கூடாதாம். ஒரு வாட்ச் என்னங்க பண்ணிவிடும்?
- ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: சிக்னல் பிரிவில் ரேடியோ பார்த்தவன் சொல்றேங்க. அது மணி மட்டும் காட்டாது, ஓடிய வழியையும் குறித்து அனுப்பிவிடும். ஓட்டம், சைக்கிள் பயிற்சியைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலி, பயனாளிகள் போன வழிகளை ஒளிக்கோடுகளாகக் காட்டி 2017 நவம்பரில் வெளியிட்ட வரைபடத்தில், இருண்டு கிடந்த சிரியா, ஆப்கானிஸ்தான் பகுதிகளில் அமெரிக்க முகாம்களின் ஓட்டப்பாதை பளிச்சென்று தெரிந்தது. கண்டுபிடித்தது உளவாளியல்ல, ஓர் ஆஸ்திரேலியக் கல்லூரி மாணவர்! 2018 ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன், களப் பகுதிகளில் இருப்பிடம் காட்டும் வசதிக்கே தடை போட்டது.

என் தோப்பு மோட்டாருக்கு செல்போன் ஸ்டார்ட்டர் மாட்டி, 1234 என்ற ரகசிய எண்ணை மாற்றாமல் விட்டேன். பக்கத்துத் தோட்டத்துப் பையன் நடுராத்திரியில் ஓடவிட்டான். எனக்குத் தண்ணீரோடு போச்சு; முகாமில் இப்படி அசந்தால் உயிருக்கே ஆபத்துங்க.

வாட்சை லீவுக்கு வரும்போது கட்டட்டும்.