மாற்றுத்திறனாளிகளுக்கான ‘ஆதரவுடன் கூடிய வேலைவாய்ப்பு’ என்றால் என்ன?

சாதாரண கம்பெனியில், மற்றவர்களோடு சேர்ந்து, மற்றவர்களுக்குக் கிடைக்கிற சம்பளத்துக்கே செய்யும் வேலை. கூடவே அந்த வேலையில் நிலைத்திருக்கத் தேவையான உதவி. அவ்வளவுதான்.

அமெரிக்காவில் வளர்ந்த முறை இது, 1986-ல் அங்குள்ள மறுவாழ்வுச் சட்டத்திலேயே சேர்த்தார்கள். அதற்கு முன்பு அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைத் தனிப் பட்டறைகளில் உட்கார வைத்து, பொருள்களைப் பிரித்து அடுக்குவது, பொட்டலம் போடுவது என்று வருடக்கணக்கில் பழக்கினார்கள், பலருக்குக் குறைந்தபட்சக் கூலிகூடக் கிடையாது, வெளி வேலைக்குப் போனவர்களும் குறைவு. ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்தில் பொருத்திச் செய்வதுதான் இவர்களில் பலருக்குக் கடினம். பட்டறை மேஜையில் பழகியது ஹோட்டல் சமையலறைச் சத்தத்தில் கைகொடுக்காது. அதனால் வரிசையை மாற்றினார்கள்: முதலில் வேலை, அப்புறம் அங்கேயே பயிற்சி.

கிணற்றில் நீச்சல் பழக்குவது போலத்தான். இடுப்பில் கயிறு கட்டித் தண்ணீரில் இறக்கிவிட்டு, பழகப் பழகக் கயிற்றைத் தளர்த்துவார்கள் இல்லையா? இங்கே கயிற்றைப் பிடித்திருப்பவர் வேலைப் பயிற்சியாளர். ஆரம்பத்தில் பக்கத்திலேயே நின்று வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துக் காட்டுவார், எங்கே பஸ் மாறுவது, மேனேஜரிடம் எப்படி லீவு கேட்பது என்பது வரைக்கும். பிறகு மெல்ல விலகுவார், சிக்கல் வந்தால் திரும்ப வருவார். என்னைக் கேட்டால் இந்தத் திரும்ப வருவதுதான் முக்கியம், செலவைக் குறைக்க இதில் கைவைக்கவே கூடாது.

பலர் இதை இடஒதுக்கீடு என்று நினைக்கிறார்கள். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அரசுப் பணிகளில் அவர்களுக்குக் குறைந்தது 4 சதவீதம் ஒதுக்குகிறது, ஆனால் வேலையிடத்தில் கூட நின்று பழக்கும் ஆள் அந்த ஒதுக்கீட்டில் தானாக வந்துவிடுவதில்லை.