டிக்கெட்டும் பொன்னாடையும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கிளாஸ்கோவில் முதுகலை படிக்கிறேன். ஆகஸ்டில் எடின்பரோ புத்தக விழாவுக்குப் போகலாம் என்று நிகழ்ச்சி நிரலைத் திறந்தால் ஒவ்வொரு பேச்சுக்கும் தனித்தனி டிக்கெட். மூன்று பேரைக் கேட்டால் என் ஒரு வார மளிகைக் காசு போய்விடும். நம் ஊர் புத்தகக் காட்சி மேடையில் யார் பேசினாலும் போய் உட்கார்ந்து கேட்கலாம். எழுத்தாளரைக் கேட்கக் காசு வாங்குவது இலக்கியத்தைச் சரக்காக்குவது இல்லையா? இன்னொன்று, இங்கே ஊருக்கு ஒரு விழா இருக்கிறது போல. கையில் காசு குறைவானவன் எதற்குப் போகலாம்? என் நண்பர் ஒருவர் தமிழில் எழுதுகிறார், அவர் நாவல் ஆங்கிலத்தில் வர இருக்கிறது. அவர் இங்கே வந்து பேச என்ன வழி?

ர., கிளாஸ்கோ

அன்புள்ள தம்பி,

நம் மேடையில் கேட்பவருக்குச் செலவில்லை, சரி. பேசியவருக்கு என்ன கிடைத்தது என்று விசாரித்தீர்களா? பெரும்பாலும் ஒரு பொன்னாடை, கண்ணாடி போட்ட ஒரு நினைவுப் பரிசு, அமைப்பாளர் கொஞ்சம் நல்லவராக இருந்தால் ஆட்டோ காசு. எடின்பரோவில் டிக்கெட் போடுவது அந்தப் பொன்னாடைக்குப் பதிலாகத்தான். அந்த விழாவில் எனக்கு மிகவும் பிடித்த நடைமுறை ஒன்று உண்டு. முதல் கவிதைத் தொகுப்போடு வருகிறவருக்கும், அரங்கை நிரப்பும் நாவலாசிரியருக்கும் ஒரே சன்மானம். பேர் பெரிது என்பதற்காகக் கூடுதல் கிடையாது. ஆக, ஐந்நூறு பேர் வரும் பேச்சுக்கு நீங்கள் எடுக்கும் டிக்கெட், பக்கத்து அறையில் நாற்பது பேரோடு பேசும் புதுக் கவிஞரையும் தாங்குகிறது.

பிரிட்டன் முழுக்க இப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். 2016 ஜனவரியில் ஆங்கில நாவலாசிரியர் ஃபிலிப் புல்மன் ஆக்ஸ்ஃபோர்ட் இலக்கிய விழாவின் புரவலர் பொறுப்பிலிருந்து விலகினார். அங்கே எழுத்தாளர்களுக்குச் சன்மானம் தருவதில்லை என்பதுதான் காரணம். கூடாரம் போடுகிறவர், ஒலிபெருக்கி வைக்கிறவர், சாப்பாடு போடுகிறவர் எல்லாரும் கூலி வாங்கிக்கொண்டு போக, யாருக்காகக் கூட்டம் கூடியதோ அவர் மட்டும் சும்மா வர வேண்டுமா என்ற கேள்வி அது. ஸ்காட்லாந்தில் இதற்கு ஓர் அடித்தளமே போட்டு வைத்திருக்கிறார்கள். வாசிப்பை வளர்க்கும் தொண்டு நிறுவனமான ஸ்காட்டிஷ் புக் டிரஸ்ட்டின் 'லைவ் லிட்டரேச்சர்' திட்டத்தில் ஒரு பள்ளியோ நூலகமோ ஊர்ச் சங்கமோ எழுத்தாளரை அழைத்தால், சன்மானத்தில் ஒரு பங்கையும் பயணச் செலவையும் அவர்களே ஏற்கிறார்கள். தீவிலிருக்கும் பள்ளிக்கும் எழுத்தாளர் போய்ச் சேர்வது அதனால்தான்.

காசு கொடுத்து எழுத்தாளர் சண்டையைக் கேட்பது எடின்பரோவுக்குப் புதிதும் அல்ல. 1962 ஆகஸ்டில் ஜான் கால்டர் என்ற பதிப்பாளர் மெக்யூவன் மண்டபத்தில் ஐந்து நாள் சர்வதேச எழுத்தாளர் மாநாடு நடத்தினார். நார்மன் மெய்லர், ஹென்றி மில்லர், மேரி மெக்கார்த்தி, வில்லியம் பரோஸ் வந்தார்கள், இந்தியாவிலிருந்து குஷ்வந்த் சிங் வந்தார். இரண்டாம் நாள் பொருள் ஸ்காட்டிஷ் எழுத்து. அன்று எழுபது வயதுக் கவிஞர் ஹ்யூ மக்டெர்மிட், இளைய நாவலாசிரியர் அலெக்ஸாண்டர் ட்ராக்கியை மேடையிலேயே 'எந்த ஊருக்கும் சொந்தமில்லாத கசடு' என்கிற பொருளில் ஏசினார். மண்ணின் மொழியா, உலகப் பொதுவா என்கிற சண்டை. நமக்கும் பழகிய சண்டைதான். இன்றைய புத்தக விழா 1983இல் ஷார்லட் சதுக்கத் தோட்டத்தில் கூடாரம் போட்டுத் தொடங்கியது. முதலில் இரண்டாண்டுக்கு ஒருமுறை, 1997 முதல் ஆண்டுதோறும். தோட்டத்துப் புல்லில் பலகை பாவி அதன்மேல்தான் நடப்பார்கள். எடின்பரோ ஆகஸ்ட் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2020இல் முழுக்க இணையத்தில் நடந்தது. 2021இல் கலைக் கல்லூரி வளாகத்துக்கும், 2024இல் அதை ஒட்டிய பழைய ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனைக் கட்டடத்துக்கும் மாறியது. கூடாரத்தின் ஈர வாசனையை நினைத்து ஏங்குகிறவர்கள் இன்னும் உண்டு. மழைச் சத்தத்தில் பேச்சே கேட்காமல் போன நாட்களை அவர்கள் வசதியாக மறந்துவிட்டார்கள்.

அந்த ஒரு மணி நேரம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் டிக்கெட்டை எங்கே செலவழிப்பது என்பதும் பிடிபடும். பெரும்பாலும் தனியுரை கிடையாது. எழுத்தாளர், எதிரே நெறியாளர். அறிமுகம் இரண்டு மூன்று நிமிடம், நூலிலிருந்து ஐந்து நிமிட வாசிப்பு, அரை மணிக்கு மேல் உரையாடல், கடைசிக் கால் மணி கேட்பவர்களுக்கு. மணி அடித்ததுபோல் முடித்துவிடுவார்கள், ஏனென்றால் அடுத்த கூட்டம் வாசலில் நிற்கும். அங்கிருந்து எழுத்தாளரை நேரே கையெழுத்து மேசைக்கு அழைத்துப் போவார்கள்.

இதில் கெடுவது மூன்று இடத்தில். முதலாவது நெறியாளர். நூலை அட்டைக் குறிப்போடு நிறுத்திக்கொண்டவர் என்றால், 'இந்தக் கதை எப்படித் தோன்றியது' என்ற கேள்வியிலேயே தெரிந்துவிடும். ஆகவே நிரலில் எழுத்தாளர் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் நெறியாளர் பெயரையும் பாருங்கள். அவரும் எழுதுகிறவர், அந்தத் துறையில் படித்தவர் என்றால் நம்பிப் போகலாம். அடுத்தது, இரண்டு மூன்று எழுத்தாளர்களை ஒரே தலைப்பில் கோர்க்கும் நிகழ்ச்சி. 'நினைவும் நிலமும்' மாதிரி எதற்கும் பொருந்தும் தலைப்பாக இருந்தால், ஆளுக்குப் பத்து நிமிடம் கிடைக்கும், யாரும் யாரையும் படித்திருக்க மாட்டார்கள். மூன்றாவது, கேள்வி நேரத்தில் எழுந்து 'இது கேள்வி அல்ல, ஒரு கருத்து' என்று தொடங்குகிறவர். அவர் எல்லா நாட்டிலும் ஒரே ஆள்தான்.

காசு குறைவென்றால் முதலில் நவம்பருக்குக் காத்திருங்கள். 2012 முதல் ஸ்காட்லாந்து புத்தக வாரம் என்று ஒன்று நடக்கிறது. நூலகங்களிலும் சமூகக் கூடங்களிலும் எழுத்தாளர் வந்து பேசுவார், பெரும்பாலானவை இலவசம். எடின்பரோவில் 2021க்குப் பிறகு முடிந்த தொகையைக் கொடுத்து இணையத்தில் பார்க்கும் வழக்கமும் வந்தது. உங்களுக்குப் பிடித்த நிகழ்ச்சிக்கு அது உண்டா என்று நிரலில் பாருங்கள். உங்கள் கிளாஸ்கோவிலேயே 2005 முதல் 'ஐ ரைட்' (Aye Write) என்ற விழா மிட்செல் நூலகத்தை மையமாக வைத்து நடந்து வந்தது. அந்தப் பெயரில் ஒரு குறும்பு இருக்கிறது. கிளாஸ்கோக்காரர் 'ஐ, ரைட்' (Aye, right) என்று இழுத்தால் 'ஆமாமா, நம்பிட்டேன் போ' என்று அர்த்தம். 2024இல் கலைகளுக்கு அரசு நிதி தரும் கிரியேட்டிவ் ஸ்காட்லாந்து அமைப்பு நிதி மறுத்ததால் அந்த ஆண்டு விழா நின்றது. பிறகு லாட்டரியில் கோடிகளை வென்ற ஒரு தம்பதி நிறுவிய வியர் அறக்கட்டளை 65,000 பவுண்டு கொடுக்க, ஆண்டு முழுக்கத் தனித்தனி நிகழ்ச்சிகளாவது நடந்தன.

ஒரே ஒரு பயணம்தான் கட்டுப்படியாகும் என்றால், என் ஓட்டு விக்டவுனுக்கு. தென்மேற்கு மூலையில், ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். பால் பண்ணை ஆலையும் பக்கத்து பிளாட்நாக் விஸ்கி வடிசாலையும் மூடப்பட்டு, வேலை இல்லாமல் கடைகள் காலியான ஊர் அது. வேல்ஸின் ஹே-ஆன்-வை போல ஸ்காட்லாந்துக்கும் ஒரு புத்தக ஊர் வேண்டும் என்று போட்டி வைத்தபோது 1998இல் இது தேர்வாயிற்று. அடுத்த ஆண்டே விழா. செப்டம்பர் கடைசி தொடங்கிப் பத்து நாள். ஷான் பைதல் என்பவரின் பழைய புத்தகக் கடை அங்கேதான், ஸ்காட்லாந்திலேயே பெரியது. துப்பாக்கியால் சுட்ட ஒரு கிண்டில் மின்னூல் கருவியைப் பாடம் செய்த மான்தலை மாதிரி சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். கடைக்கு மேலே உள்ள பெரிய அறை விழா நாட்களில் எழுத்தாளர்களின் சாப்பாட்டு அறையாகிவிடும். பகலில் மேடையில் பார்த்தவரை மாலையில் கடையின் இடுக்குகளில் பழைய புத்தகம் தேடிக்கொண்டிருக்கப் பார்க்கலாம், ஏனென்றால் அவர் போவதற்கு அந்த ஊரில் வேறு இடம் இல்லை. சின்ன ஊர் விழாவின் பலமே அதுதான். எடின்பரோவில் எழுத்தாளர் கையெழுத்து போட்டதும் பின்வாசல் வழியாகக் காணாமல் போவார்.

சிக்கல் போக்குவரத்து. 1960களில் அந்த ரயில் பாதையை மூடிவிட்டார்கள். டம்ஃப்ரீஸ் வரை ரயில், அங்கிருந்து பேருந்தில் நியூட்டன் ஸ்டூவர்ட், பிறகு இன்னொரு பேருந்தில் ஏழு மைல். ஞாயிற்றுக்கிழமை பேருந்து குறைவு, மாலைப் பேச்சுக்கு இருந்துவிட்டுத் திரும்புவது நடக்காது. அறை போட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள், மாற்றிச் செய்யாதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெல்ரோஸ் எல்லைப்புற விழா ஜூனில், 2004 முதல். எடின்பரோவிலிருந்து ட்வீட்பேங்குக்கு ரயில், அங்கிருந்து இரண்டு மைல் நடை. வரலாற்று நாவலுக்கான 25,000 பவுண்டு வால்டர் ஸ்காட் பரிசு 2010 முதல் அந்த விழாவோடு சேர்ந்தது. நூலின் கதை பெரும்பகுதி குறைந்தது அறுபது ஆண்டுக்கு முன்பு நடப்பதாக இருக்க வேண்டும் என்பது அதன் விதி. ஸ்காட்டின் 'வேவர்லி' நாவலுக்கு 'அறுபது ஆண்டுக்கு முன்' என்று துணைத்தலைப்பு, அதிலிருந்து வந்த கணக்கு அது. கவிதை என்றால் மார்ச்சில் செயின்ட் ஆண்ட்ரூஸின் 'ஸ்டான்ஸா', 1998 முதல். அந்த ஊருக்கு ரயில் இல்லை, லூகர்ஸில் இறங்கிப் பேருந்து. துப்பறியும் நாவல் பிடித்தால் செப்டம்பரில் ஸ்டெர்லிங்கின் 'ப்ளடி ஸ்காட்லாந்து', 2012இல் லின் ஆண்டர்சனும் அலெக்ஸ் கிரேயும் தொடங்கியது. தீவட்டி ஏந்தி ஊர்வலம் போவார்கள், ஸ்காட்லாந்து எழுத்தாளர்களும் இங்கிலாந்து எழுத்தாளர்களும் கால்பந்து ஆடுவார்கள். கிளாஸ்கோவிலிருந்து முக்கால் மணிக்குள் போய்விடலாம் என்பதால் உங்களுக்கு மிகவும் சிக்கனமானது இதுதான். மே மாதம் அல்லாப்பூலில் நடப்பது ஒரே நேரத்தில் ஒரே பேச்சு என்ற ஏற்பாடு. எதை விடுவது என்ற கவலையே இல்லை. லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவேயில் நடக்கும் 'ஃபக்லன்' விழாவின் பெயரே ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் 'சொற்கள்'. 2024 டிசம்பரில் நாட்டின் 'மக்கர்', அதாவது அரசவைக் கவிஞர் மாதிரி, ஆன பீட்டர் மக்கேயும் அந்த லூயிஸ் தீவுக்காரர்தான், கேலிக்கில் எழுதுகிறவர்.

சரக்காக்குவது பற்றிய உங்கள் கேள்வியை டிக்கெட்டில் அல்ல, புரவலரிடம் கேட்க வேண்டும். டிக்கெட்டும் புத்தக விற்பனையும் மட்டும் ஒரு விழாவை நிறுத்தாது. மிச்சம் அரசு நிதியும் நிறுவனப் பணமும்தான். எடின்பரோ முதலீட்டு நிறுவனமான பெய்லி கிஃபோர்ட் இருபதாண்டு அந்த ஊர்ப் புத்தக விழாவுக்குப் பணம் கொடுத்தது. அதன் புதைபடிவ எரிபொருள் முதலீடுகளைக் காட்டி 2023இல் சூழல் போராளி கிரேட்டா துன்பெர்க் தன் நிகழ்ச்சியை ரத்து செய்தார். 2024 மே மாதம், எழுத்தாளர்களும் பதிப்புலகத்தினரும் சேர்ந்த 'ஃபாஸில் ஃப்ரீ புக்ஸ்' இயக்கத்தின் அழுத்தத்தில் உறவு முறிந்தது. சில நாட்களில் விக்டவுனும் மெல்ரோஸும் அதே வழியில் போயின. இயக்கத்தின் கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் போன பணத்தின் இடத்தில் வேறு பணம் வந்தாக வேண்டும், அது வராவிட்டால் முதலில் வெட்டப்படுவது பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகள்தான் என்பதும் உண்மை.

இனி உங்கள் நண்பர். அழைப்பு பெரும்பாலும் பதிப்பகத்தின் விளம்பரப் பிரிவு வழியாகத்தான் போகும். ஆகஸ்ட் விழாவுக்கான பேச்சு முந்தைய குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும், ஆகவே நாவல் அச்சுக்குப் போகும் முன்பே அவர் மொழிபெயர்ப்பாளரோடு சேர்ந்து பதிப்பகத்தை நச்சரிக்க வேண்டும். அந்த ஆண்டின் புது நூல் இல்லாதவருக்கு இடம் கிடைப்பது அரிது. பிரிட்டனில் பதிப்பு வருகிறதா என்று உறுதி செய்யச் சொல்லுங்கள். விற்காத பிரதியைத் திருப்பி அனுப்பலாம் என்ற ஏற்பாட்டில்தான் புத்தகக் கடைகள் விழாவுக்குச் சரக்கு எடுக்கின்றன. இந்தியப் பதிப்பு மட்டும் என்றால் அந்த வசதி இல்லை, கையெழுத்து மேசையில் புத்தகமே இருக்காது. மேடையில் வரிக்கு வரி மொழிபெயர்த்தால் ஒரு மணி அரை மணியாகச் சுருங்கும். தமிழில் ஒரே ஒரு நிமிடம் வாசிக்கட்டும், ஓசை கேட்கட்டும். அதே பகுதியை மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் வாசிக்கட்டும். பாத்திரப் பெயர் ஐந்தாறு வரும் பகுதி வேண்டாம்.

விசா தனித் தலைவலி. 2018இல் எடின்பரோவுக்கு வரவிருந்த ஒரு டஜன் அளவிலான எழுத்தாளர்கள் சிக்கலுக்குள்ளானதை விழாவின் அப்போதைய இயக்குநர் நிக் பார்லியே வெளிப்படையாகப் பேசினார். 2024 ஜனவரி 31 முதல் சாதாரணப் பார்வையாளர் விசாவிலேயே சன்மானம் வாங்கிப் பேசலாம். ஆனால் பேச்சு புறப்படும் முன்பே ஏற்பாடாகி, விண்ணப்பத்தில் சொல்லப்பட்டிருக்க வேண்டும். வந்து சேர்ந்த முதல் 30 நாளுக்குள் அது முடிய வேண்டும். தேதி, சன்மானம், செலவை யார் ஏற்கிறார்கள் என்பதெல்லாம் அழைப்புக் கடிதத்தில் எழுத்தில் இருக்கட்டும்.

பி.கு.: கையெழுத்து வரிசையில் தன்னார்வலர் ஒருவர் ஒட்டுத்தாளும் பேனாவுமாக வருவார். உங்கள் பெயரைப் பெரிய ஆங்கில எழுத்தில் எழுதி, தலைப்புப் பக்கத்தில் ஒட்டி, அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே நீட்டுங்கள். வாயால் சொன்னால் உங்கள் பெயரை அந்த நாவலாசிரியர் எப்படி எழுதுவார் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.