டீச்சரும் மாணவியும் ஜப்பான் போகிறார்கள்

அன்புள்ள சார்,

தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி 'சகுரா சயின்ஸ்' திட்டத்தில் ஜப்பான் போகத் தேர்வாகியிருக்கிறாள். உடன் போகும் ஆசிரியர்களில் ஒருத்தியாக என் பெயரும் வந்திருக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் ஆசிரியர் அறையில் 'டீச்சருக்கு ஓசி டூர் அடிச்சிருக்கு' என்று காது படவே பேசுகிறார்கள். ஒரு வாரத்தில் அங்கே என்ன கிழித்துவிட முடியும் என்று எனக்கும் தோன்றாமல் இல்லை. அவளுடைய அப்பா, அம்மா இருவரும் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். 'டீச்சர் கூட வர்றீங்கல்ல, அப்போ சரி' என்று சொல்லிவிட்டார்கள். அந்த வார்த்தைதான் பயமாக இருக்கிறது. அங்குள்ள பள்ளியில் கலை நிகழ்ச்சி ஏதாவது செய்யச் சொல்வார்களாம், அதற்கு அவளுக்கு நடனம் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு நடக்கிறது. எனக்கு ஆங்கிலம் எழுத வரும், பேசும்போது தடுமாறும். நீங்கள் சில காலம் ஜப்பானில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். எதைப் பார்க்க வேண்டும், எதற்குத் தயாராக வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும். பெயர் போட வேண்டாம்.

அன்புடன்,
ஓர் ஆசிரியை

*

அன்புள்ள டீச்சர்,

ஓசி டூர் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் ஜப்பான் அறிவியல் தொழில்நுட்ப முகமையின் செலவு, அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் இதை தர்மத்துக்குச் செய்யவில்லை என்பதை உங்கள் ஆசிரியர் அறைக்குச் சொல்லுங்கள். 2014-இல் இந்தத் திட்டத்தைத் தொடங்கினார்கள், இந்தியா சேர்ந்தது 2016-இல். 2024-இல் பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் 7 லட்சத்துக்கும் குறைவு. அவர்கள் பல்கலைக்கழகங்களுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் வெளியிலிருந்து ஆள் வேண்டும், பதினாறு வயதில் ஒருமுறை வந்து பார்த்த பிள்ளை இருபத்திரண்டு வயதில் ஆராய்ச்சிக்குத் திரும்பி வரும் என்பது அவர்கள் கணக்கு. நியாயமான கணக்குதான். ஆக, உங்கள் மாணவி அங்கே போவது வேடிக்கை பார்க்க மட்டுமல்ல, அவளையும் அவர்கள் பார்ப்பார்கள்.

அதனால்தான் அந்த நடன ஏற்பாட்டை நிறுத்துங்கள் என்கிறேன். நடனம் தெரிந்த பெண்ணாக இருந்தால் ஆடட்டும், யார் வேண்டாம் என்றது? தெரியாத பெண்ணுக்கு இரண்டு வாரத்தில் அடவு சொல்லிக்கொடுத்து, வாடகைக்குப் பட்டுப்பாவாடை எடுத்து, மேடையில் ஏற்றி, 'இதுதான் எங்கள் பண்பாடு' என்று காட்டுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பழக்கம். அவளுக்கென்று தெரிந்த ஒன்று இருக்கிறதே, அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே இன்னும் உறைக்கவில்லை என்று நினைக்கிறேன். அவள் உப்பளத்துப் பிள்ளை.

ஜப்பானைச் சுற்றிக் கடல், ஆனாலும் அங்கே வெயிலில் உப்பு விளைவது கிடையாது. மழையும் ஈரப்பதமும் விடாது. பாறை உப்பும் இல்லை. அதனால் பழைய காலத்திலிருந்தே இரண்டு கட்டமாகத்தான் உப்பு எடுத்தார்கள்: நோத்தோ தீபகற்பத்தில் சுசு என்ற ஊர்ப் பக்கம் மணல் பரப்பில் கடல்நீரைத் தெளித்துக் காயவைத்து, அந்த மணலைக் கழுவி அடர்ந்த உப்புநீர் எடுத்து, அதைப் பெரிய கொப்பரையில் விறகு போட்டு மணிக்கணக்கில் காய்ச்சுவார்கள். 1905-லிருந்து 1997 வரை உப்பு அங்கே அரசாங்கத்தின் ஏகபோகம். இன்றைக்குத் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய உப்பு பெரும்பாலும் மெக்சிகோ, ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வருகிறது, இந்தியாவிலிருந்தும் போகிறது. இப்படிப்பட்ட ஊரில் போய் ஒரு பெண் நின்று, எங்கள் ஊரில் அடுப்பே இல்லாமல், வெயிலும் காற்றும் மட்டும் வைத்து இதைச் செய்கிறோம் என்று சொன்னால் கேட்பார்களா மாட்டார்களா?

பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவதையும், ஒவ்வொரு கட்டத்திலும் திரவமானியை மிதக்கவிட்டு 'எத்தனை டிகிரி' (சூடு அல்ல, தண்ணீரின் அடர்த்தி) பார்ப்பதையும் அவள் சின்ன வயதிலிருந்தே பார்த்திருப்பாள். கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரி. ஏற ஏற முதலில் ஜிப்சம் அடியில் படிகிறது. 25 வந்தால் உப்பு இறங்க ஆரம்பிக்கும், 29-ஐத் தாண்ட விட்டால் மக்னீசியம் சேர்ந்து கசக்கும், அதற்குள் மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும். இதில் அடர்த்தி, கரைதிறன், ஆவியாதல், படிகமாதல் எல்லாம் இருக்கிறது, பதினொன்றாம் வகுப்பு வேதியியல் பாதி அவள் வீட்டு வாசலில் கிடக்கிறது. அப்பாவிடம் கேட்டு அவளே ஓர் அட்டையில் படம் வரையட்டும். அம்மாவின் உள்ளங்கால் உப்பில் எப்படி வெடித்திருக்கிறது என்பதையும் சொல்ல விரும்பினால் சொல்லட்டும், விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள், அது அவள் இஷ்டம். அவளைப் பார்த்து யாரும் பரிதாபப்பட வேண்டியதில்லை.

இரண்டு ஊர்ப் பள்ளிகள் ஒன்றையொன்று பார்ப்பது என்றால் நம் பக்கமிருந்தும் ஏதாவது போக வேண்டும். நம் ஆட்கள் இதை மட்டும் மறந்துவிடுகிறார்கள். வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, புல்லட் ரயிலுக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு, திரும்பி வந்து காலை வழிபாட்டில் பத்து நிமிடம் 'ஜப்பானியர்களின் நேரம் தவறாமை' பற்றிப் பேசுவதோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

சரி, நீங்கள் எதைப் பார்க்க வேண்டும்? டோக்கியோவில் மிராய்கான் அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனால் கூரையிலிருந்து தொங்கும் பெரிய பூமி உருண்டையைப் பாருங்கள், அழகாக இருக்கும். பல்கலைக்கழகம், ஆய்வுக்கூடம், நோபல் பரிசு வாங்கியவரின் உரை, எது அமைந்தாலும் அதெல்லாம் பிள்ளைகளுக்கு. உங்களுக்கென்று நான் சொல்வது ஒன்றே ஒன்று. ஒருங்கிணைப்பாளருக்கு இப்போதே மின்னஞ்சல் போட்டு, 'ஒரு சாதாரண வகுப்பில் கடைசி வரிசையில் முழுப் பாடவேளையும் உட்கார விடுங்கள்' என்று கேளுங்கள். விருந்தினருக்காகத் தயாரித்த வகுப்பு வேண்டாம். அங்கே நிகழ்ச்சி நிரல் நிமிடக் கணக்கில் போடுவார்கள், போன பிறகு கேட்டால் நடக்காது.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், சைத்தாமாவில் இருந்தபோது நண்பர் ஒருவரின் மகள் படித்த நடுநிலைப் பள்ளியில் ஒரு கணக்கு வகுப்பைப் பார்த்தேன். ஐந்து முனை நட்சத்திரத்தின் முனைக் கோணங்களின் கூடுதல் எவ்வளவு, அதுதான் அன்றைய கேள்வி. ஒரே கேள்வி, ஐம்பது நிமிடம். ஆசிரியர் கரும்பலகையின் இடது மூலையில் கேள்வியை எழுதிவிட்டுப் பிள்ளைகள் நடுவே நடந்துகொண்டே இருந்தார், யாருக்கும் விடை சொல்லவில்லை, யார் எந்த வழியில் போகிறார்கள் என்று மட்டும் கையிலிருந்த தாளில் குறித்துக்கொண்டார். பிறகு நாலு பேரை அழைத்து அவரவர் வழியைப் பலகையில் எழுதச் சொல்லி, பக்கத்தில் அவரவர் பெயர் ஒட்டிய காந்த வில்லையை வைத்தார். அதில் ஒரு வழி தப்பு. அதை அவர் அழிக்கவில்லை. தப்பு எங்கே நுழைந்தது என்று வகுப்பே கண்டுபிடித்த பிறகும் அந்தப் பையன் பெயரோடு அது பலகையிலேயே இருந்தது, அவனும் கூச்சப்பட்ட மாதிரி தெரியவில்லை. மணி அடித்தபோது பலகையில் இடமிருந்து வலம் ஒரு முழுப் பாடமும் இருந்தது, கேள்வி, நாலு வழி, தப்பு, கடைசியில் 180 டிகிரி. ஒரு தடவைகூட டஸ்டர் எடுக்கவில்லை. பலகையில் எது எங்கே வரும் என்று முதல்நாளே தாளில் போட்டுப் பார்த்துவிட்டு வருவார்களாம்.

அதைவிட எனக்கு அதிசயமாக இருந்தது சுவரோரம் நின்றிருந்த ஏழெட்டு ஆசிரியர்கள். அதே பள்ளியின் மற்ற ஆசிரியர்கள்தான், கையில் பாடத்திட்டத் தாள். அவர்கள் பாடம் நடத்துகிறவரைக் கவனித்ததைவிடப் பிள்ளைகளைத்தான் அதிகம் கவனித்தார்கள். ஒரு டீச்சர் முழு வகுப்பும் ஒரே பெண் பின்னால் நின்று அவள் பென்சில் எங்கே நிற்கிறது, எதை அழிக்கிறாள் என்று எழுதிக்கொண்டிருந்தார். மாலையில் எல்லோரும் உட்கார்ந்து அந்தப் பாடத்தைப் பிரித்துப் போட்டுப் பேசுவார்கள். ஜுக்யோ கென்க்யூ என்று இதற்குப் பெயர், நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. நம்மூரில் ஒரு ஆசிரியர் வகுப்புக்குள் இன்னொருவர் நுழைந்தால் அது ஆய்வு அதிகாரியாகத்தான் இருக்கும். அன்றைக்கு மட்டும் எல்லோரும் செயல்வழியில் நடத்துவோம், அவர் ஜீப் கிளம்பியதும் பழையபடி. பணம் காசு இல்லாமல், சுற்றறிக்கை இல்லாமல், நீங்களும் பக்கத்து வகுப்பு வேதியியல் ஆசிரியரும் நினைத்தால் திங்கட்கிழமையே தொடங்கக்கூடிய ஒன்று உண்டு என்றால் இதுதான். உங்கள் ஒரு வாரத்தில் இது மட்டும் கண்ணில் பட்டால் போதும், அடுத்த இருபது வருஷ பேட்ச் பிள்ளைகளுக்கு அது போய்ச் சேரும்.

இன்னொன்றும் கண்ணில் படும், எல்லோரும் சொல்வதுதான்: பிள்ளைகளே பள்ளியைச் சுத்தம் செய்வது. பெஞ்சைத் தள்ளிவிட்டுக் குனிந்து தரையைத் துடைப்பார்கள், பல பள்ளிகளில் கழிப்பறையும் அவர்கள் முறைதான். ஜப்பான் போய் வருகிற ஒவ்வொருவரும் இதைப் படம் எடுத்து 'நாமும் செய்யலாமே' என்று போடுகிறார்கள். டீச்சர், தயவுசெய்து யோசிக்காமல் இதை இறக்கிவிடாதீர்கள். நம் பள்ளிகளில் துடைப்பம் யார் கையில் கொடுக்கப்படுகிறது, கழிப்பறை கழுவ எந்தத் தெருப் பிள்ளைகள் அனுப்பப்படுகிறார்கள் என்று அவ்வப்போது செய்தித்தாளில் வருவதை நீங்களும் படித்திருப்பீர்கள். அங்கே அது நடப்பது முறைப்பட்டியல் எல்லோருக்கும் ஒன்று என்பதால். இங்கே தலைமையாசிரியர் மகனும் ஊர்ப் பெரியவர் பேத்தியும் அதே வாளியைத் தூக்கும் பள்ளியில் வேண்டுமானால் தொடங்கலாம்.

பார்ப்பதையெல்லாம் அப்படியே நம்பவும் வேண்டாம். உங்களைக் கூட்டிப்போவது பெரும்பாலும் 'சூப்பர் சயின்ஸ்' என்று அரசு தனியாக நிதி கொடுக்கும் பள்ளிக்கு. சுமார் 4,800 மேல்நிலைப் பள்ளிகளில் அப்படிப்பட்டவை இருநூற்றுச் சொச்சம்தான், நம் மாதிரிப் பள்ளிகள்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே நாட்டில் 2023 கல்வியாண்டில் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு வராமல் ஒதுங்கிய பிள்ளைகள் 3 லட்சத்து 46 ஆயிரத்துக்கும் மேல். 2018-இல் வளர்ந்த நாடுகளின் அமைப்பு எடுத்த கணக்கில் ஜப்பானிய நடுநிலைப் பள்ளி ஆசிரியர் வாரத்துக்கு 56 மணி நேரம் வேலை செய்தார், கணக்கெடுத்த நாடுகளிலேயே அதுதான் அதிகம். மாலையில் விளையாட்டுக் குழு, ஞாயிற்றுக்கிழமை போட்டி, அதற்கும் அவரே போக வேண்டும். அங்குள்ள டீச்சர் ஒருவரோடு பேச வாய்த்தால் 'நீங்கள் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவீர்கள்' என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம் பேச்சு தானாகவே ஓடும்.

ஆங்கிலத்துக்கா பயப்படுகிறீர்கள்? அவர்கள் உங்களைவிடத் தடுமாறுவார்கள். வருஷக்கணக்காகப் படித்தும் வாய் திறக்கத் தயங்குகிறவர்கள் அந்தப் பிள்ளைகளும் ஆசிரியர்களும். சுண்ணக்கட்டியும் சமன்பாடும் இருக்கிறது, போனில் மொழிபெயர்ப்புச் செயலி இருக்கிறது, சமாளித்துவிடுவீர்கள். அவள் பேசும்போது மட்டும் நடுவில் புகுந்து திருத்தாதீர்கள். அவளுடைய அப்பா அம்மா உங்களை நம்பி அனுப்புகிறார்கள், உண்மை, கடவுச்சீட்டும் மாத்திரையும் இரவு அறைக்கதவும் உங்கள் பொறுப்பு. அதற்காக பகல் முழுக்கக் கையைப் பிடித்துக்கொண்டு திரிந்தால் அவள் யாரோடும் பழக மாட்டாள். புறப்படுவதற்கு முன் அவர்கள் வீட்டுக்கு ஒருமுறை போய், எங்கே தங்குவோம், எந்த நேரத்தில் கூப்பிடுவோம் என்று உட்கார்ந்து சொல்லிவிட்டு வாருங்கள்.

சாப்பாடு: சைவம் என்றால் கஷ்டம், சூப்பில் மீன் சாறு இருக்கும், சொல்ல மாட்டார்கள். பருப்புப்பொடி, ஊறுகாய் கொண்டுபோங்கள். பழம், பச்சைக் கறிவேப்பிலை, இறைச்சி மூன்றும் பெட்டியில் இருக்கவே கூடாது.

திரும்பி வந்த பிறகு, அந்தப் பள்ளியோடு சேர்ந்து ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே நாளில் இரண்டு பள்ளியிலும் ஒரு மீட்டர் குச்சியை நட்டு, நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தில் அளந்து, சூரியன் உச்சியிலிருந்து எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று கணக்கிட வேண்டும். தூத்துக்குடி வட அட்சம் 8.8, பள்ளி சுகுபா பக்கம் என்றால் 36.1. வித்தியாசம் 27 டிகிரிச் சொச்சம், தெற்கு வடக்காக சுமார் 3,000 கிலோமீட்டர். அதை வைத்துப் பூமியின் சுற்றளவைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடலாம், பழைய கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் செய்தது இதைத்தான். நம் ஊரில் உச்சி வேளை 12.17-ஐ ஒட்டி வரும், அங்கே 11.40-ஐ ஒட்டி, மாதத்துக்கு மாதம் கால் மணி வரை முன்பின் ஆகும். அதனால் கடிகாரத்தை நம்பாமல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொண்டே வரட்டும். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நமக்கு நிழல் தெற்கே விழும், அவர்களுக்கு எப்போதும் வடக்கேதான். அந்த மாதங்களில் இரண்டு கோணத்தையும் கூட்ட வேண்டும், மற்ற மாதங்களில் கழிக்க வேண்டும். இதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள், விடை தப்பாக வரும்போது இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் மோதிக்கொள்ளட்டும்.