ஹோட்டன் சமவெளிக்கு கிளிநொச்சியில இருந்து ரெண்டு நாள்: நீங்க கேட்டதும் நான் சொல்லுறதும்

நான் கிளிநொச்சியில வான் ஓடுறன். 12 வருசமா மலைநாட்டுக்கு ஹயர் போறன், பள்ளிக்கூடச் சுற்றுலா, புதுசா கலியாணம் முடிச்ச சோடி, கனடாவில இருந்து வந்த சொந்தம் எண்டு எல்லாரையும் ஏத்தியாச்சு. போன கிழமை நுவரெலியாவுக்கு அங்கால இருக்கிற ஹோட்டன் சமவெளி தேசிய பூங்காவுக்கு போட்டு வந்தனான் எண்டு சொன்ன நாளில இருந்து ஆள் மாறி ஆள் கேக்கிறியள், தனித்தனிய சொல்லி முடியாது, எல்லாருக்கும் இதிலயே சொல்லிவிடுறன்.

பரந்தனிலிருந்து ஒரு அண்ணா: வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சு இரவு 8 மணிக்கு வெளிக்கிட்டா சனி விடிய, அங்க மலை செங்குத்தா முடியிற உலக முடிவு எண்டுற இடத்தில நிக்கலாம்தானே? ரெண்டு சின்னப் பிள்ளையள் இருக்கினம்.

நிக்கலாம் அண்ணா, ஆனா நான் அப்பிடி ஹயர் எடுக்கிறேல்ல. கிளிநொச்சியில இருந்து கண்டி ஏ9 றோட்டால 250 கிலோமீற்றர் வரும், கண்டியில இருந்து நுவரெலியா இன்னொரு 80, அங்க இருந்து பார்க் 30 சொச்சம். முதல் 250ல பெரும்பாலும் நேர் றோட்டு, டிரைவருக்கு நித்திரை வாறதே அந்த நேர் றோட்டிலதான். அதைத் தாண்டி கம்பளை, புசல்லாவை, றம்பொடை எண்டு வளைவு தொடங்கேக்க நேரம் விடியப்பறம் மூண்டு நாலு மணி, மனுசனுக்கு கண் செருகிற நேரம். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டி எல்லவில பஸ் பள்ளத்தில விழுந்து 20 பேருக்கு மேல செத்ததும் விடியப்பறம்தான்.

சனி விடிய 4 மணிக்கு வெளிக்கிடுங்கோ. முறிகண்டியில பிள்ளையாருக்கு தேங்காய் உடைச்சு கச்சான் ரெண்டு பை வாங்கினா தம்புள்ளை மட்டும் பிள்ளையள் சத்தம் போடாதுகள். மாத்தளை தாண்டி கட்டுகஸ்தோட்டையில இருந்து கண்டி டவுனுக்குள்ள போகாம பேராதனைப் பக்கம் வெட்டிப் போங்கோ, சனிக்கிழமை டவுனுக்குள்ள மாட்டினா ஒரு மணித்தியாலம் போச்சு. பின்னேரம் ரெண்டு மூண்டு மணிக்கு நுவரெலியா. இரவு 8 மணிக்கே படுக்கோணும், ஏனெண்டா அடுத்த நாள் 4 மணிக்கு எழும்போணும்.

முள்ளியவளை: ஏன் அவ்வளவு வெள்ளண? ஒம்பது பத்து மணிக்குப் போனா என்ன?

போனா வெள்ளைச்சீலை பாப்பியள்.

நான் முதல் தரம் ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போனது அப்பிடித்தான். வழியில படம் எடுத்து, தேத்தண்ணி குடிச்சு, ஆறுதலாப் போய் உலக முடிவுக்கு ஏறேக்க பத்தரை. கீழ இருந்து முகில் ஏறி முகத்தில அடிக்குது, கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறம், ஒண்டும் தெரியேல்ல. அவையளின்ர கடைசிப் பெடி கேட்டான், "அங்கிள், உலகம் முடிஞ்சிட்டுதா?" எண்டு. அண்டைக்கு அவையள் தந்த காசை வாங்க எனக்கே கூச்சமாக் கிடந்தது.

காலமை வெயில் ஏற ஏற கீழ்ப் பள்ளத்தாக்கில இருந்து சூடான ஈரக்காத்து மேல ஏறும், மலை விளிம்பில வந்து குளிர்ந்து முகிலாகும். அதால ஒம்பதரை தாண்டினா அநேகமா மூடிப்போடும். கேற் திறக்கிறது 6 மணிக்கு. 6 மணிக்கு கேற்றில நிக்கிற மாதிரி பின்னுக்கிருந்து கணக்குப் பாத்துக்கொண்டு வாங்கோ, எல்லாம் தன்ரபாட்டில சரியா வரும்.

ஒரு ரீச்சர், ஏ/எல் பிள்ளையளோட: அந்த இடத்தைப் பற்றி பிள்ளையளுக்கு சொல்ல கொஞ்சம் விபரம் தாங்கோ.

ரீச்சர், எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன். பழைய பேர் மகா எலிய, பிறகு வெள்ளைக்கார தேசாதிபதி ஹோர்ட்டன்ர பேரை வைச்சினம். கடல் மட்டத்தில இருந்து 2,100 மீற்றருக்கு மேல, 3,000 ஹெக்ரேயருக்கு கொஞ்சம் கூட. தேசிய பூங்காவாக்கினது 1988ல, 2010ல யுனெஸ்கோ மத்திய மலைநாட்டை உலக மரபுரிமையில சேர்க்கேக்க இதுவும் சேர்ந்தது. நாட்டின்ர ரெண்டாவது உயரமான மலை கிரிகல்பொத்த இதுக்குள்ளதான், மூண்டாவது தொட்டுபொல கந்தவும் இதுக்குள்ளதான். மகாவலி, களனி, வளவை மூண்டு ஆத்துக்கும் தண்ணி இங்க இருந்து போகுது. எங்கட பிள்ளையளுக்கு இதைத்தான் நான் காட்டுறனான், இரணைமடுக் குளத்தில கட்டி வைச்சிருக்கிற தண்ணியைப் பாத்து வளர்ந்ததுகள், ஒரு ஆறு புல்லுக்குள்ள இருந்து கசிஞ்சு தொடங்கிறதைப் பாக்கட்டும்.

தர்மபுரம்: நடை எவ்வளவு தூரம்? அம்மாவுக்கு 63 வயசு, ஏலுமோ?

முழுச்சுத்து 9 கிலோமீற்றருக்கு மேல, ஆறுதலா நடந்தா மூண்டு மூண்டரை மணித்தியாலம். வாகனம் பார் இன் எண்டுற இடத்தோட நிக்கும், அதுக்கங்கால கால்தான். வழி பிரியிற இடத்தில உலக முடிவுப் பக்கம் முதல் போங்கோ, பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சியைக் கடைசிக்கு விடுங்கோ, நீர்வீழ்ச்சி முகிலுக்குள்ளயும் விழும்தானே. முதல்ல சின்ன உலக முடிவு வரும், 270 மீற்றர் பள்ளம் எண்டுவினம், பிறகு பெரிசு, அது 800 மீற்றருக்கு மேல நேர கீழ போகுது, வடிவான நாளில தெற்குக் கடல் தெரியும். அம்மா தினம் தோட்டத்துக்க நடக்கிற ஆளெண்டா உங்களை விட வடிவா நடப்பா. நீர்வீழ்ச்சிக்கு இறங்கிற துண்டு மட்டும் கல்லும் வேரும் சேறும், அதில கையைப் பிடியுங்கோ. செருப்பு வேண்டாம், பாட்டா செருப்போட வந்து அறுந்து வெறுங்காலோட திரும்பின ஆக்களை நான் கண்டிருக்கிறன்.

புதுக்குடியிருப்பு, தம்பி ஒராள்: எனக்கு இடக்கால் முழங்காலுக்குக் கீழ செயற்கைக்கால். பெடியள் எல்லாரும் போறாங்கள், நான் வானுக்க இருக்கிறதா வாறதா எண்டு யோசிக்கிறன்.

வாங்கோ தம்பி. என்ர மச்சானுக்கும் உங்களை மாதிரித்தான், 2009ல போனது. ரெண்டு தரம் கூட்டிக்கொண்டு போனனான், அவர் சொன்னதை அப்பிடியே சொல்லுறன். நீங்க முழுச்சுத்தும் போகாதேங்கோ. உலக முடிவு மட்டும் போய், அதே வழியால திரும்பி வாங்கோ, சின்ன உலக முடிவோட காணும் எண்டு பட்டா அதில இருந்தே திரும்புங்கோ, அதுவும் வடிவான இடம்தான். இறக்கம்தான் ஏத்தத்தை விட கரைச்சல், கல்லுப்படியில செயற்கைக்காலை முதல் கீழ வைச்சு மற்றக் காலை மடிச்சு இறங்கோணும், ஒரு தடி கட்டாயம். முக்கியமான விசயம் செயற்கைக்காலுக்குள்ள போடுற சொக்ஸ். குளிருக்க நடந்தாலும் உள்ளுக்க வேர்க்கும், நனைஞ்ச சொக்ஸோட ரெண்டு கிலோமீற்றர் நடந்தா உரஞ்சி புண்ணாகும், பிறகு ரெண்டு கிழமை காலைப் போட ஏலாது. மச்சான் பொக்கற்றில காய்ஞ்ச சொக்ஸ் மூண்டு வைச்சிருப்பார், வழியில ஒரு கல்லில இருந்து கழட்டித் துடைச்சு மாத்துவார். முதல் தரம் மாத்தேக்க ஒரு வெள்ளைக்காரக் கிழவன் பக்கத்தில வந்து குந்தி, தன்ர காற்சட்டையை இழுத்துக் காட்டினான், அவனுக்கும் அதே. ரெண்டு பேருக்கும் பாஷை தெரியாது, சிரிச்சுக்கொண்டு இருந்தாங்கள்.

பெடியளுக்கு வெளிக்கிட முதலே சொல்லி வையுங்கோ உங்கட வேகத்துக்கு ஒருத்தனாவது கூட வரோணும் எண்டு.

வவுனியா: குளிர் எப்பிடி? சுவெட்டர் காணுமோ?

எங்களுக்கு 25 பாகைக்கே போர்வை தேவை. அங்க விடியக்காலமை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும், தை மாசி மாசத்தில புல்லில உறைபனி வெள்ளையாக் கிடக்கும். ஒரு தடிச்ச ஜக்கெற் எண்டில்லாம ரெண்டு மூண்டு மெல்லிசா ஒண்டுக்கு மேல ஒண்டு போடுங்கோ, எட்டு மணிக்கு வெயில் வந்தா ஒவ்வொண்டாக் கழட்டலாம். காதை மூடுங்கோ. ஜக்கெற்றை முதல் நாள் நுவரெலியா சந்தையில வாங்கலாம், ஊரில வாங்கிறதை விட மலிவு, ஆனா விலையைப் பேசி வாங்குங்கோ.

ஜெயபுரம்: சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமோ?

கொண்டு போகலாம், ஆனா லஞ்ச் சீற்றில சுத்தாதேங்கோ. பொலித்தீன் உள்ளுக்க விடாங்கள், கேற்றில பையைத் திறந்து பாப்பாங்கள், தண்ணிப் போத்தல்ல இருக்கிற லேபிளைக் கூட உரிச்சு எடுத்துப்போட்டுத்தான் தருவாங்கள். ஒருக்கா ஒரு அக்கா 14 பேருக்கு புட்டும் கட்டைச்சம்பலும் லஞ்ச் சீற்றில பார்சல் கட்டிக்கொண்டு வந்தவ, இருட்டுக்க ரோச் லைற் அடிச்சு எல்லாத்தையும் அவிட்டு ஒரு சருவச்சட்டிக்க கொட்டினது, பிறகு அந்தச் சட்டியை 9 கிலோமீற்றர் ஆர் தூக்கிறது எண்டு புருசனுக்கும் மனுசிக்கும் சண்டை. ரிபன் பெட்டியில, இல்லாட்டி வாழையிலையில கட்டுங்கோ. சமைக்கிறது, நெருப்பு மூட்டுறது, சாராயம் எல்லாம் உள்ளுக்க சரிவராது. அது வேணுமெண்டிற ஆக்கள் ரூமிலயே இருங்கோ.

கார் பார்க்கிங்கில மரை வந்து நிக்கும், பெரிய கொம்போட, பிஸ்கற் கேட்டு மூக்கை நீட்டும். குடுக்காதேங்கோ. சனம் எறியிற பையைத் திண்டு வயித்துக்க பொலித்தீனோட செத்ததுகளும் இருக்கு.

மாங்குளம்: அங்க புலி இருக்காமே?

சிறுத்தை எண்டே சொல்லுவம் மச்சான். இருக்கு, ஆனா இவ்வளவு வருசத்தில நான் ஒரு தரம்தான் கண்டது, அதுவும் றோட்டைக் குறுக்க பாஞ்ச வால் மட்டும். யானை அங்க இல்ல. மூக்கில கொம்பு வைச்ச ஓணான் ஒண்டு இருக்கு, இலங்கையில மட்டும்தான் அது, மர வேர்ப்பக்கம் பாத்து நடந்தா காணலாம்.

பெடியள் அஞ்சு பேர், விசுவமடு: நாங்கள் மோட்டசைக்கிள்ல போகலாமோ?

குளிரில பிரேக் பிடிக்க விரல் மடங்காது. ட்ரெயின்ல போங்கோடாப்பா. கிளிநொச்சியில ஏறி பொல்காவலையில மாறினா கொழும்புக்குப் போகத் தேவையில்ல, பாதை திறந்திருந்தா மலைநாட்டு ட்ரெயின் பிடிச்சு நானுஓயாவில இறங்கலாம், நுவரெலியா கிட்ட. மண்சரிவு வந்தா அந்தப் பாதை கன நாளுக்கு நிக்கும், அதால ஸ்ரேசனில கேட்டுட்டு ரிக்கற் போடுங்கோ.

கனடாவில இருந்து வந்திருக்கிற ஒரு அக்கா: ரிக்கற் எவ்வளவு?

உங்களுக்கும் இங்க இருக்கிற ஆக்களுக்கும் ஒரே விலை இல்ல அக்கா. வெளிநாட்டு பாஸ்போட்டுக்கு உள்ளூர் ஆளை விட பல மடங்கு. இரட்டைப் பிரஜாவுரிமை இருந்தா இலங்கை அடையாள அட்டையைக் கையில வைச்சிருங்கோ. வாகனத்துக்கு வேற காசு. ஹயர் பேசேக்க டிரைவர்ர சாப்பாடு, படுக்கை எல்லாம் சேர்த்தோ எண்டு முதலே கேளுங்கோ, கடைசியில முகம் கறுக்கிறது எனக்குப் பிடிக்காது. டிரைவர் வானுக்க படுப்பார்தானே எண்டு சில ஆக்கள் நினைக்கினம், அந்தக் குளிருக்க படுத்துப் பாருங்கோ. அதோட, அடுத்த நாள் இரவு 10 மணி மட்டும் உங்களை ஓட்டிக்கொண்டு வரப்போறது அவர்தான். நீங்க நடக்கிற நேரம் அவர் வானுக்க படுக்கட்டும், "நீங்களும் வாங்கோ அண்ணை" எண்டு இழுக்காதேங்கோ. நான் எத்தினையோ தரம் போனாலும் முழுச்சுத்து நடந்தது நாலைஞ்சு தரம்தான்.

கிருஷ்ணபுரம்: எங்கட அம்மம்மா நுவரெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில பிறந்தவ, 1977 இனக் கலவரத்தில இங்க வந்தவை. அந்தத் தோட்டத்தையும் பாக்கோணும் எண்டுறா. ரெண்டு நாளுக்க முடியுமோ?

முடியும், ஆனா அப்ப ஹோட்டன் சமவெளியை விடுங்கோ. ரெண்டையும் ஒண்டாப் போட்டா ரெண்டும் கெடும். இப்பிடி ரெண்டு குடும்பத்தை கூட்டிக்கொண்டு போயிருக்கிறன். முதல் வேலை, அம்மம்மாட்ட தோட்டத்தின்ர தமிழ்ப் பேரைக் கேளுங்கோ. போர்டில இருக்கிறது இங்கிலீசுப் பேர், சனம் சொல்லுறது வேற பேர், கூகிள் மேப்புக்கு அது தெரியாது, ஆனா றோட்டோரம் கொழுந்துச் சாக்கோட நிக்கிற எந்த அம்மாவும் கையை நீட்டிக் காட்டுவா. எந்த டிவிசன், எந்த லயம் (தொழிலாளர் வரிசை வீடு), கோயில் எது எண்டும் எழுதி எடுங்கோ. லயம் இடிஞ்சிருக்கலாம், கோயில் இருக்கும், கோயில்ல விசாரிச்சா சொந்தம் ஆராவது வருவினம். சனி பின்னேரம் போங்கோ, வேலை முடிஞ்சு ஆக்கள் வீட்டில நிப்பினம். கையில கொஞ்சம் பனங்கட்டியும் கச்சானும் கொண்டு போங்கோ.

நான் கூட்டிக்கொண்டு போன ஒரு அம்மம்மா லயத்துக்குப் போகாம நேர பீலிக்கரைக்குப் போனவ, தண்ணியைக் கையில ஏந்திக் குடிச்சிட்டு "அதே குளிர்தான்" எண்டா. பிறகுதான் ஆக்களோட கதைச்சவ.

ஒட்டுசுட்டான்: எந்த மாசம் நல்லம்?

தை கடைசியில இருந்து பங்குனி மட்டும். வைகாசிக்குப் பிறகு தென்மேல் பருவக்காத்து, மழையும் காத்தும் ஆளைத் தள்ளும். சித்திரையில நுவரெலியா சீசன், ரூம் வாடகை ஏறும், றோட்டில வாகனம் அசையாது. போயா வாற நீண்ட லீவுகளையும் தவிருங்கோ. மழை தொடர்ந்து பெஞ்சா தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடும், சிவப்பு எண்டா பயணத்தை நிப்பாட்டுங்கோ, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின்ர 117க்கு அடிச்சும் கேக்கலாம்.

திரும்பவும் பரந்தன் அண்ணா: அவ்வளவு வெள்ளண எழும்பிப் போயும் முகில் மூடியிருந்தா?

ஒரு அரை மணித்தியாலம் கம்பிப் பக்கத்தில இருங்கோ, காத்து அடிக்கேக்க சில நேரம் ரெண்டு நிமிசம் திறக்கும். திறக்கேல்லையெண்டா வாற வழியில அம்பேவெல பண்ணையில பிள்ளையளுக்கு மாட்டைக் காட்டி யோகட் வாங்கிக் குடுங்கோ. ரிக்கற் காசு திரும்பத் தராங்கள்.