எல்லா வில்லும் ஒரே பக்கம்

கேள்வி: பிரெஞ்சு அரசவை ஆர்கெஸ்ட்ரா என்பது ராஜா சாப்பிடும்போது வாசித்த பகட்டு இசைதானே? வயலின் வித்வான் பகானினி மாதிரி ஒரு சூரராவது அங்கே உண்டா?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: பகானினியா? 1805-லிருந்து சில வருடங்கள் அவர் சம்பளம் வாங்கியதே நெப்போலியனின் தங்கை எலிசாவிடம், இத்தாலியின் லூக்கா அரசவையில்தான். ஒற்றைத் தந்தியில் வாசிக்க அவர் எழுதிய சொனாட்டாவின் பெயரே ‘நெப்போலியன்’.

சாப்பாட்டு இசை இருந்தது, மறுக்கவில்லை. 14-ஆம் லூயியின் இரவு விருந்துக்கென்றே அரசவை இசையமைப்பாளர் தெலலாந்து எழுதினார். ஆனால் திறமை என்றால் ஒற்றை ஆளின் விரல் வேகம்தான் என்று நீங்கள் முடிவு கட்டியதை ஏற்கமாட்டேன்.

லூயியின் அவையில் ‘ராஜாவின் 24 வயலின்கள்’ என்றொரு குழு இருந்தது. பேர்தான் வயலின்; அதோடு வயலினைவிடப் பெரிய வயோலாவிலேயே மூன்று அளவு, அப்புறம் கீழ்க்குரலுக்கு பாஸ், ஆக ஐந்து குரல்கள். ஆளாளுக்கு அலங்காரச் சுரங்களைச் சேர்த்து வாசிப்பது அரசவை இசையமைப்பாளர் லுல்லிக்குப் பிடிக்கவில்லை. 1650-களில் தனியாக ஒரு சிறு குழுவைப் பெற்று, எழுதியதை மட்டும் வாசிக்கவைத்தார். ஒவ்வொரு தாள அளவின் (ஒரு தாளச் சுற்றின்) முதல் சுரத்துக்கும் எல்லா வில்லும் கீழ்நோக்கி இழுபடவேண்டும். சுலபம் என்று தோன்றும். ஓர் அளவில் மூன்று சுரம் வந்தால்? கீழே, மேலே, கீழே. அடுத்த அளவும் கீழேதான் தொடங்கவேண்டும்! சட்டென்று வில்லைத் தூக்கி மறுபடி வைக்கவேண்டும், இல்லையென்றால் மேல் இழுப்பையே இரண்டாகப் பிரிக்கவேண்டும். வேக நடனத்தில், அத்தனை பேரும், ஒரே கணத்தில். இளவயதில் பாரிசில் இருந்த இசையமைப்பாளர் முஃபாட் இந்த விதிகளை 1698-ல் விரிவாக அச்சில் ஏற்றினார். இதைத் திறமை என்று சொல்லாமல் வேறெதைச் சொல்வது?

பாரிஸ் ரசிகர்களுக்கு அந்தச் சேர்ந்திழுப்பில் அவ்வளவு பெருமை. 1778-ல் துய்லெரி அரண்மனையில் நடந்த கச்சேரிக்கு சிம்பொனி எழுத வந்த மொசார்ட் அதைக் கிண்டல் செய்தார். எல்லா ஊரிலும் சேர்ந்துதானே ஆரம்பிக்கிறார்கள் என்றார். ஆனாலும் முதல் பகுதியை அப்படித்தான் தொடங்கினார். கடைசிப் பகுதியில் மட்டும் இரண்டு வயலின் குரல்களை எட்டு தாள அளவு மெல்ல வாசிக்கவிட்டு, அப்புறம் மொத்தக் குழுவையும் இறக்கினார். ‘உஷ்’ என்று அடக்கிக்கொண்டிருந்த கூட்டம் அந்த இடத்திலேயே கைதட்டியது. சந்தோஷத்தில் நேரே பலே ரொயால் (Palais-Royal) அரண்மனைப் பக்கம் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டதாக அப்பாவுக்கு எழுதினார் மொசார்ட்.